ஐந்தாவது கம்பி

மினசோட்டா, ஒன்டாரியோ போன்ற வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசங்களில் பழைய வீடுகளின் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டமான கருவி இருக்கும். ஹனிவெல் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த ‘ரவுண்ட்’ தெர்மோஸ்டாட் அது; அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி. வடிவமைத்தவர் ஹென்றி டிரைஃபஸ். அதன் வெளிமூடியைக் கையால் இழுத்தாலே கழன்று வரும். உள்ளே கடிகார வில்லைப் போல் சுருண்ட உலோகப் பட்டை ஒன்று. அதன் முனையில் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் உருளும் பாதரசத் துளி. கருவி மொத்தமும் இவ்வளவுதான்.

சுருள்பட்டை இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூடேறும்போது ஒரு பக்கம் நன்றாக விரியும், மறுபக்கம் அவ்வளவாக விரியாது. அதனால் பட்டை வளைகிறது. அறை குளிர்ந்தால் சுருள் ஒரு திசையில் திரும்பி, குப்பி சாய்ந்து, பாதரசம் ஒரு முனைக்கு ஓடும். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிமுனைகளைத் துளி தொட்டு இணைத்ததும் பேஸ்மென்டில் உள்ள, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரியத் தொடங்கும். அறை சூடானால் குப்பி மறுபக்கம் சாயும், இணைப்பு அறுபடும். பாதரசத்தின் எடையும் இங்கே ஒரு வேலை செய்கிறது. ஒரு பக்கம் உருள ஆரம்பித்ததும் அந்தக் கனமே குப்பியை இன்னும் சாய்த்துவிடும். இதனால் தொட்டும் தொடாமலும் மின்னிணைப்பு தடுமாறுவதில்லை. இத்தனைக்கும் அந்தச் சுருள் தான் உயிர்வாழ ஒரு சொட்டு மின்சாரம்கூடக் கேட்பதில்லை. அறையின் வெப்பமே அதற்கு உணவு.

அறையின் சூட்டைக் கருவியே கவனிக்கட்டும் என்ற எண்ணத்தின் தொடக்கம் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் ஒரு வகுப்பறை. வாரன் ஜான்சன் என்ற பேராசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, அறையின் சூட்டைப் பார்ப்பதற்காகக் கட்டடப் பணியாளர் உள்ளே வந்து போவார். பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, சூடான காற்று வரும் வழியைத் திறப்பதோ மூடுவதோ அவர் வேலை. இந்த நடையை மிச்சப்படுத்தத்தான் ஜான்சன் ஒரு மின்கருவி செய்தார். அறை சூடானாலோ குளிர்ந்தாலோ கீழே மணி அடிக்கும். 1883-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் மினியாபோலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் அந்தப் பணியாளரையும் தேவையில்லாமல் ஆக்கிவிட்டார். அறை குளிர்ந்ததும் நிலக்கரி அடுப்பின் காற்றுக்கதவைத் தானே தூக்கும் பொறி அவருடையது. ஹனிவெல்லின் மரபுவழியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் பட்ஸிடம்தான் போய் நிற்கும்.

இன்று அந்த வட்டத்தைக் கழற்றிவிட்டு வை-ஃபை தெர்மோஸ்டாட் மாட்டுகிறவர்கள் ஏராளம். பழையதைச் சுவரிலிருந்து எடுத்ததும் பலருக்கு ஒரு தடங்கல் வரும். கம்பி போதாது.

சுவருக்குள் வரும் மெல்லிய கம்பிகளில் ஓடுவது 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை அப்படிக் குறைத்து அனுப்புகிறது. கம்பிகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர். ‘ஆர்’ மின்சாரம் வரும் கம்பி. அதை ‘டபிள்யூ’வோடு இணைத்தால் சூடு, ‘ஒய்’யோடு இணைத்தால் குளிர், ‘ஜி’யோடு இணைத்தால் விசிறி. சுவரில் நடப்பது இந்த இணைப்பும் துண்டிப்பும் மட்டுமே. சாதாரண ஃபர்னஸ் எரியும் அல்லது அணையும், நடுவே ஒன்றுமில்லை. சீக்கிரம் சூடாகட்டும் என்று 21-க்குப் பதில் 27 டிகிரி செல்சியஸ் வைத்தாலும் அது அதே வேகத்தில்தான் சூடாக்கும், நிறுத்த மறந்தால் மட்டும் அதிக நேரம் எரியும்.

பழைய கருவி வெறும் சுவிட்ச் என்பதால் மின்சாரம் வந்து திரும்பிப் போவதற்குத் தனி வழி அதற்குத் தேவைப்படவில்லை. அந்தத் திரும்பும் வழிதான் ‘சி’, அதாவது ஐந்தாவது கம்பி. கட்டியவர்கள் அதை இழுக்காமல் விட்டதில் பிழை ஒன்றும் இல்லை. உலோகச் சுருளுக்குத் தீனி வேண்டியதில்லை. புதியதற்கோ திரையும் கணிப்பானும் இருக்கின்றன. போதாக்குறைக்கு வை-ஃபை சிப் அலையை அனுப்பும் கணங்களில் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைக் கேட்கும்.

‘சி’ இல்லாத வீட்டுக்காகப் பொறியாளர்கள் கண்டுபிடித்த உபாயம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஃபர்னஸ் அணைந்திருக்கும்போது ‘ஆர்’, ‘டபிள்யூ’ இரண்டுக்கும் இடையே 24 வோல்ட் காத்துக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை, மறுமுனையில் ஃபர்னஸை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயை இயக்காத அளவுக்கு, தெர்மோஸ்டாட் தன் பக்கம் எடுத்துத் தன் பேட்டரியில் சேர்த்துவைக்கும். ஃபர்னஸ் எரியும்போது நிலைமை இன்னும் கடினம். இரண்டு கம்பிகளும் இணைந்துவிட்டதால் அவற்றுக்கு இடையே வோல்ட்டேஜ் ஏதும் மிஞ்சாது. எனவே ரிலே கவனிப்பதற்குள் நொடியின் மிகச் சிறு பகுதிக்கு இணைப்பை அறுத்து, மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி இணைக்கிறது. அழகான தந்திரம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் பலிக்காது. நுட்பமான மின்னணுப் பலகை கொண்ட ஃபர்னஸ் அந்தச் சிறு மின்னோட்டத்தையே கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். விசிறி காரணமின்றி ஓடும். வெளியே ஏசி-யை இயக்கும் சுவிட்சான கான்டாக்டர் படபடக்கும். கடுங்குளிரில் பேட்டரி வற்றிப்போனால் வீடே உறைந்துவிடும். ஆகவே முடிந்தவரை ‘சி’ கம்பியைக் கொண்டுவந்து சேர்ப்பதே சரி என்பேன்.

பல வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. கம்பி இழுத்தவர் தேவைக்கு மேல் ஓர் இழை உள்ள கேபிளைப் பயன்படுத்தி, மிஞ்சியதைச் சுவருக்குள் சுருட்டிவைத்திருப்பார். அதைப் பிரித்து, இந்த முனையில் தெர்மோஸ்டாட்டின் ‘சி’யிலும் அந்த முனையில் ஃபர்னஸ் பலகையின் ‘சி’யிலும் பொருத்தினால் முடிந்தது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் நான்கு கம்பியை ஐந்தாக்கித் தரும் துணைக்கருவி உண்டு. தனியாக ஒரு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி பிளக்கில் செருகிக்கொள்ளவும் செய்யலாம்.

கைவைக்கும் முன் சர்க்யூட் பிரேக்கரை அணைக்க வேண்டும். 24 வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் ‘ஆர்’ தவறிப்போய் ‘சி’யைத் தொட்டால் பலகையில் இருக்கும் சிறு ஃபியூஸ், கார்களில் இருக்குமே அதே வகை, போய்விடும். பிறகு புதிய தெர்மோஸ்டாட் உயிர் பெறாது; கோளாறு கருவியில் என்று நினைத்துத் திருப்பி அனுப்பத் தோன்றும். பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள், அது எந்த எழுத்தில் செருகியிருக்கிறது என்பதுதான் சாட்சி. கழற்றும்போது தடிமனான இரண்டு கம்பிகள் மட்டும் தெரிந்தால், அங்கேயே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் மின்ஹீட்டருக்கு நேராகப் போகும் 240 வோல்ட். இந்த வகைத் தெர்மோஸ்டாட் அங்கே ஆகாது. கழற்றிய பழைய வட்டத்தில் பாதரசம் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது, அதற்கான சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

புதியதைப் புத்திசாலி என்கிறோம். பழையதற்குள்ளும் ஒரு முன்யோசனை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அறை 21 டிகிரியைத் தொட்ட பிறகு அடுப்பை அணைத்தால் வீடு அதையும் தாண்டிச் சூடாகும். ஏனென்றால் ஃபர்னஸின் உலோகத்தில் தேங்கிய சூட்டை விசிறி இன்னும் சற்று நேரம் ஊதிக்கொண்டிருக்கும். இதற்காகச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மின்தடை வைத்தார்கள். ஃபர்னஸ் எரியும் நேரமெல்லாம் அதே மின்னோட்டம் இதன் வழியாகவும் ஓடி, அது மெல்லச் சூடாகி, சுருளை ஏமாற்றும். அறை இலக்கை எட்டும் முன்பே சுருள் எட்டிவிட்டதாக எண்ணி இணைப்பை அறுத்துவிடும். மிச்சத்தைத் தேங்கிய சூடு பார்த்துக்கொள்ளும். எந்த ஃபர்னஸுக்கு எவ்வளவு என்று திருத்திக்கொள்ள, ஆம்பியர் அளவு குறித்த சின்ன நெம்புகோலும் உள்ளே இருக்கும். நிரலோ சிப்போ இல்லாத காலத்தில் ஒரு மின்தடையால் வருங்காலத்தைக் கணித்திருக்கிறார்கள்!

புதிய கருவியில் நிலைமை தலைகீழ். அதன் மின்னணுச் சில்லுகள் தாமே சூடு தருகின்றன. சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர் சொல்லும் அளவிலிருந்து தன் உடம்புச் சூட்டைக் கழித்துவிட்டுத்தான் அறையின் சூடு என்ன என்று அது முடிவுசெய்ய வேண்டும். ஏசி கம்ப்ரஸரை அணைத்தவுடன் மறுபடி இயக்குவதும் இல்லை. குழாய்களுக்குள் அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிடங்கள் பொறுத்திருக்கும்.

பணம் மிச்சமாகுமா? இரவில் குறைத்துவைத்தால் காலையில் வீட்டை மீண்டும் சூடாக்க அதைவிட அதிகம் செலவாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெப்பம் வீட்டைவிட்டு வெளியேறும் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே -10, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 31 டிகிரி. உள்ளே 16 ஆக்கினால் 26. இழப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது, குறைந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் லாபமே. நாளுக்கு 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை தளர்த்தினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை மிச்சமாகலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இதை வை-ஃபை இல்லாமலும் செய்யலாம். தினமும் மறக்காமல் செய்ய மனிதர்களால் முடிவதில்லை என்பதால்தான் கருவி தேவைப்படுகிறது.

இணைய இணைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021 ஜூன் வெயிலில் டெக்சாஸில் சிலர் வீடு புழுங்குவதைக் கண்டு திகைத்தார்கள்; தெர்மோஸ்டாட்டின் இலக்கு தொலைவிலிருந்து உயர்த்தப்பட்டிருந்தது. மின்தட்டுப்பாட்டின்போது தெர்மோஸ்டாட்டைத் தொலைவிலிருந்து மாற்ற அனுமதிக்கும் திட்டத்தில் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். திட்டம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஒப்புதலின் வரிகளைப் படித்துவிட்டுச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஹீட் பம்ப் உள்ள வீடுகளில்தான் புதிய கருவி முன்கூட்டியே கணிப்பதன் மதிப்பு முழுதாகத் தெரியும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும் அந்தப் பொறி நிதானமாக வேலை செய்யும், சிக்கனமானது. துணைக்கு இருக்கும் மின்ஹீட்டர் வேகமானது, செலவு பிடிப்பது. காலை 6:30-க்குச் சாதாரண தெர்மோஸ்டாட் இலக்கைத் திடீரென 5 டிகிரி உயர்த்தினால், அந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயந்து மின்ஹீட்டரையும் சேர்த்து ஓட்டிவிடும்; இரவு முழுதும் மிச்சம் பிடித்தது ஒரு மணி நேரத்தில் போய்விடும். நல்ல கருவி இந்த வீடு எவ்வளவு வேகத்தில் சூடாகிறது என்று பல நாள் பார்த்து வைத்திருக்கும். வெளியே எத்தனை டிகிரி என்று இணையத்தில் கேட்டுக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு, மிதமான நாளில் தாமதமாகவும் கடுங்குளிர் நாளில் மிக முன்னதாகவும் ஹீட் பம்பை மட்டும் இயக்கிவிடும். அதில் 6:30 என்பது பொறி தொடங்கும் நேரம் அல்ல, அறை சூடாகியிருக்க வேண்டிய நேரம்.