பண்டிகை பாரமாக வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் திட்டக்குடியில் ஒருவருக்கும் கை ஓயாது. வெள்ளாற்றங்கரை வயல்களில் சம்பாப் பயிர் நிற்கும். உழவர் வீட்டுக் கவலையெல்லாம் மழையையும் கதிரையும் சுற்றியே இருக்கும். பள்ளிக்கூடங்களில் அரையாண்டுத் தேர்வு. ஆசிரியர் வீடுகளில் விடைத்தாள் கட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும். இவற்றுக்கு நடுவேதான் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் வருகிறது. ஒரு வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள். மற்றொரு வீட்டில் மகன் வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பான். இன்னொரு வீட்டிலோ பாட்டியார் காலமாகி ஆறு மாதங்கூட ஆகியிராது. ஆயினும் பாட்டியார் இருந்தபோது நடந்த அத்தனையும் ஒன்று குறையாமல் நடந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்தச் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

அதிரசம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் மாவாக்கிச் சலிக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் அரிசி உலர்வதே பெரும்பாடு. வெல்லப்பாகு சரியான பதத்தில் இறங்க வேண்டும். சற்று முந்தினால் மாவு எண்ணெயில் பிரிந்துவிடும், சற்றுப் பிந்தினால் பல்லைப் பதம் பார்க்கும். கிளறிய மாவு ஓரிரு நாள் ஊற வேண்டும். அதன் பிறகே சட்டியை அடுப்பில் ஏற்றலாம். இது ஒரு பலகாரத்தின் கதை. முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா எல்லாம் இனிமேல்தான். மாவரைக்கும் யந்திரம் வந்து உலக்கை ஓய்ந்துவிட்டது. அடுப்படியில் நிற்கும் கால்கள் ஓயவில்லை. பல வீடுகளில் ஆண்மக்கள், "இந்த வருஷம் அதிரசம் கொஞ்சம் கெட்டி" என்று தீர்ப்புக் கூறுவதோடு தங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார்கள். (அடுத்த வருஷம் பாகு காய்ச்சும் கரண்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாம்.) வீட்டிலுள்ள அனைவருக்கும் புத்தாடை எடுக்க வட்டிக்குக் கடன் வாங்கி, அதைச் சித்திரை வரையில் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களும் உண்டு.

"பரம்பரை வழக்கத்தை விடலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எது பரம்பரை? கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-இல் லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அலங்கரித்த மரத்தைச் சுற்றி விக்டோரியா ராணியின் குடும்பம் நிற்கும் படம் 1848-இல் வெளியான பிறகே அந்த வழக்கம் இங்கிலாந்தின் சாமானிய வீடுகளில் வேகமாகப் பரவிற்று. அதைப் பரப்பியதும் ஒரு சித்திரப் பத்திரிகைதான் என்பதை இங்கே அடக்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்! இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-இல் தலச்சேரியில் செய்யப்பட்டதென்று சொல்வார்கள். நாம் தொன்மை என்று கட்டிக் காப்பவற்றுள் பல, கொள்ளுத்தாத்தா காலத்துப் புதுமைகளே.

நம் பக்கத்து வழக்கமோ வேறு திசையைக் காட்டுகிறது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயம் உள்ளது. இத்தாலியில் பிறந்த அவர் தம் தேசத்து உடையை விட்டுக் காவி உடுத்தார். அன்னை மரியாளுக்கும் தமிழ்ப் பெண்ணின் சேலையை உடுத்தி அழகு பார்த்தார். காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வதே இப்பகுதியின் பழைய மரபு என்றால் மிகையாகாது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவையும் நினைத்துப் பாருங்கள். லண்டனில் கணக்காயர் தொழில் பயின்றவர், 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேனாட்டு உடையை விட்டுக் கதருக்கு மாறினார். பின்னர்ச் சிறையில் இருந்தபடியே இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி நூல் எழுதினார். எளிமையால் அவருடைய பக்திக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

கடலூர் மாவட்டத்தாருக்கு டிசம்பரின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. 2011-இல் டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் வேரோடு சாய்த்தது. 2015-இன் பெருமழையில் வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கின. அத்தகைய வருஷங்களில் எத்தனை வகைப் பலகாரம் என்று எவரும் கேட்கவில்லை. பண்டிகை நின்றுவிடவுமில்லை.

ஆபத்து வந்தபோது செய்ததை, அலைச்சல் மிகுந்த வருஷத்தில் மனமுவந்து செய்யலாகாதா? கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரங்களுக்கு முன், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, வீட்டார் அனைவரும் கூடி உட்காரட்டும். எது இல்லாவிட்டால் பண்டிகையாகவே தோன்றாதோ, அந்த ஒன்றை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். வீட்டுத் தலைவியை முதலில் கேட்க வேண்டும். குழந்தைகள் அநேகமாக நட்சத்திர விளக்கைச் சொல்வார்கள். மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் இருந்தால் அவர்களே செய்துகொள்வார்கள். தாத்தா நள்ளிரவு வழிபாட்டைச் சொல்வார். எவரும் சொல்லாதவை அவ்வருஷத்துக்கு ஓய்வு பெறட்டும். மறு வருஷம் வேண்டுமானால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் குறைக்க நான் சம்மதியேன். அது அண்டை வீடுகளுக்கு அனுப்பும் பலகாரத் தட்டு. தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டிலிருந்து போகிறது. ரம்ஜானுக்கு மூன்றாவது வீட்டின் முறை. தட்டில் ஐந்து வகைக்குப் பதில் ஒரே வகை அதிரசமும் இரண்டு வாழைப்பழமும் இருந்தால் அடுத்த வீட்டு அம்மாள் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீடாயிற்றே என்று, "இந்தத் தடவை முறுக்கை நான் சுட்டுத் தருகிறேன், மாவை மட்டும் அனுப்புங்கள்" என்று அவரே சொல்லியனுப்பினாலும் அனுப்புவார். தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் ஊரில் இல்லை; மூன்று வாரத்தில் பொங்கல் வேறு வருகிறது.