வேகமாக எடை ஏறும் ஆடு... கையில் காசு நிற்குமா? கொட்டில் வளர்ப்பின் நிஜக் கணக்கு

‘வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் ஆடு வளர்க்கலாமா?’ புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பலருக்கும் இந்த யோசனை ஒருமுறையாவது வந்திருக்கும். சேமிப்பைப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஏன் மாடு இல்லை, ஆடு?

அமெரிக்காவில் இளம் மாடுகளை அடைத்து, சில மாதங்கள் தானியம் கொடுத்துக் கொழுக்கவைத்து இறைச்சிக்கு விற்பது பெருந்தொழில். இங்கே அது நடக்காது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958-ன்படி, 10 வயதைத் தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு, அல்லது நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று வேண்டும். அதனால் நம் ஊரில் இந்த முறைக்கு ஏற்றது ஆடுதான்.

எந்த இனம் வேகம்?

தென்னாப்பிரிக்காவின் போயர் இனக் கலப்பு வேகமாக எடை போடும். கேரளத்துத் தலைச்சேரி இரட்டைக் குட்டிக்குப் பேர் போனது. தென் மாவட்டங்களின் கன்னி, கொடி ஆடுகள் வறட்சியைத் தாங்கும். குட்டையான பள்ளையாடு மெதுவாகத்தான் வளரும். ஆனால், தீவனச் செலவு குறைவு.

90 நாள் கணக்கு

ஓர் உதாரணத்துக்கு, இரண்டையுமே உயிர் எடை கிலோ ரூ.400-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம்.

* போயர் கலப்பு: 15 கிலோ குட்டி, கிலோ ரூ.500 வீதம் ரூ.7,500. தினம் 120 கிராம் கூடினால் 25.8 கிலோ. தீவனம், மருந்து ரூ.2,570. விற்றால் ரூ.10,320. மிச்சம் ரூ.250.
* நாட்டு ஆடு: 10 கிலோ குட்டி, கிலோ ரூ.400 வீதம் ரூ.4,000. தினம் 60 கிராம் கூடினால் 15.4 கிலோ. செலவு ரூ.975. விற்றால் ரூ.6,160. மிச்சம் ரூ.1,185.

வளர்ச்சி இரண்டு மடங்கு. லாபமோ கால் பங்குகூட இல்லை! அதே போயர் குட்டியை ரூ.400 வீதம் வாங்கியிருந்தால் ரூ.1,750 மிஞ்சும். அப்போதும் போட்ட பணத்துக்கு லாபம் சுமார் 20 சதவீதம். நாட்டு ஆட்டில் சுமார் 24. இனப்பெருக்கக் கிடா விலையில் கறிக்குட்டி வாங்குவதுதான் முதல் அடி. கொட்டகை, ஆள் கூலி இதில் சேரவில்லை.

சாவு ஒன்று போதும்

சீக்கிரம் எடை ஏறட்டும் என்று அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும். துள்ளுமாரி நோயும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசிகளையும் விடக்கூடாது. மேலே உள்ள கணக்கில், நாட்டுக்குட்டி ஒன்று செத்தால் நாலு குட்டியின் லாபம் போச்சு.

மானியம் கிடைக்குமா?

தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் உண்டு. ஆனால் அது குறைந்தது 100 பெட்டை, 5 கிடா கொண்ட இனப்பெருக்கப் பண்ணைக்கு. குட்டி வாங்கிக் கொழுக்கவைத்து விற்பவர் அதை நம்பி இறங்கக் கூடாது.

முதலில் என்ன செய்யலாம்?

புதுக்கோட்டையிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்துவிட்டு, சந்தைப்பேட்டை ஆட்டுச் சந்தைக்கு நாலைந்து வாரம் சும்மா போய் விலையைக் கவனியுங்கள். பிறகு பத்துக் குட்டியோடு ஆரம்பிக்கலாம். விற்கும்போது வரும் லாபத்தில் பாதி, வாங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது.