சிறு தொழிற்கூடத்தின் கணினிக்குத் தொலைவழி: தேர்ந்தெடுக்கும் முறை

1985-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூருவில் தன் நிலையத்தைத் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவிலுள்ள தலைமையகத்துடன் கணினித் தொடர்பு கொள்வதற்குத் தனியாகத் துணைக்கோள் இணைப்பு ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. இன்றோ, அந்நகரின் பீன்யா தொழிற்பேட்டையில் நான்கு யந்திரங்களை வைத்துத் தொழில் நடத்துபவரும் தம் இல்லத்திலிருந்தே தொழிற்கூடத்தின் கணக்கைப் பார்வையிட முடிகின்றது. வசதி பெருகியது போலவே அபாயமும் பெருகியுள்ளது. இத்தகைய கூடங்களுக்கு ஆலோசனை கூறும் களப்பணியாளர்களுக்கும், மாணவர்க்கு இவற்றைப் போதிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாறு, பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

அபாயம் நேரும் விதம்

தொழிற்கூடத்தை இணையத்துடன் இணைக்கும் கருவி ரௌட்டர் எனப்படும். உள்ளிருந்து சென்ற கோரிக்கைகளுக்கு வரும் விடைகளை அது உள்ளே விடும். வெளியிலிருந்து தாமாக வருவனவற்றைத் தடுத்துவிடும். இயல்பாக அமைந்த இப்பாதுகாப்பைப் பலர் வசதி கருதித் தாமே நீக்கிவிடுகின்றனர். கணக்குக் கணினியின் திரையைத் தொலைவிலிருந்து காண்பதற்காக, ரௌட்டரில் 3389 என்னும் எண்ணுள்ள வாயிலைத் திறந்துவைப்பது இதற்கு உதாரணமாகும்.

“நமது சிறிய கூடத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்று உரிமையாளர் வினவுவதுண்டு. தேடும் வேலையை இன்று மென்பொருளே செய்கின்றது. இணையத்தில் பெரிதும் வழங்கும் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜீமேப்’ என்னும் மென்பொருள், ஒரே கணினியைக் கொண்டு, குறிப்பிட்ட ஒரு வாயில் எங்கெங்குத் திறந்துள்ளது என்பதை 45 நிமிடங்களுக்குள் உலகெங்கும் ஆராய வல்லது. ஆகவே, சிறியதாக இருப்பது பாதுகாப்பாகாது. வாயிலின் எண்ணை மாற்றிவைப்பதும் சிறிது தாமதத்தை உண்டாக்குமேயன்றித் தடையாகாது.

இரு வழிகள்

முதல் வழி, ‘வி.பி.என்.’ எனப்படும் மறைவழி. தொலைவிலுள்ள கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையே செல்லும் செய்திகள் யாவும் சங்கேதமாக மாற்றப்படுகின்றன. திறவுகோல் உள்ளவரே அவற்றைப் படிக்க இயலும். 2020-ஆம் ஆண்டில் லினக்ஸ் மென்பொருளில் சேர்க்கப்பட்ட ‘வயர்கார்டு’ முறையில், உரிய திறவுகோல் இல்லாத அழைப்பிற்கு விடையே அளிக்கப்படுவதில்லை. தேடி வரும் மென்பொருளுக்கு அங்கு வாயில் இருப்பதே தெரியாது. ஆயினும், இவ்வழிக்குக் கூடத்திற்கெனப் பொது முகவரி தேவை. பல இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், இணைப்பு வழங்குவோரிடம் நிலையான முகவரியைத் தனியே கேட்டுப் பெற நேரலாம்.

இரண்டாம் வழி, இடைநிலையச் சேவை. கூடத்துக் கணினியும் தொலைவுக் கணினியும் தாமே வெளிச்சென்று ஒரு நிறுவனத்தின் நிலையத்தில் சந்திக்கின்றன. ரௌட்டரில் எவ்வாயிலையும் திறக்க வேண்டுவதில்லை. நிலையான முகவரியும் வேண்டுவதில்லை. ஆனால், அந்நிறுவனத்தில் உள்ள கணக்கே முழுக் கூடத்திற்கும் சாவியாகிவிடும்.

ரௌட்டரின் மென்பொருளைக் காலந்தவறாது புதுப்பிக்கத் தகுந்த ஆள் இருப்பின் முதல் வழியும், இல்லையேல் இரண்டாம் வழியும் ஏற்றது.

வழி மட்டும் போதாது

2021-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் தன் குழாய்த் தொடரை நிறுத்த நேரிட்டது. பயன்பாட்டில் இல்லாத பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லே பகைவருக்கு நுழைவாயிலாயிற்று. இரண்டாம் சான்று கேட்கும் ஏற்பாடு அக்கணக்கிற்கு இல்லை. எனவே, கடவுச்சொல்லுடன் கைப்பேசிச் செயலியில் தோன்றும் எண் போன்ற மற்றொரு சான்றும் வேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கு அன்றே நீக்கப்பட வேண்டும்.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் புது தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சேவைக் கணினிகள் முடக்கப்பட்டன. நோயாளிகளின் பதிவுகள் பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. வலைப்பின்னல் சரிவரப் பிரிக்கப்படாதிருந்தமையே காரணம் என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கப்பலின் அடிப்பகுதி தடுப்புச் சுவர்களால் பிரிக்கப்படுவது போல, கணக்குக் கணினி, கடைசல் யந்திரம், காமிராக்கள் ஆகியவை தனித்தனிப் பிரிவுகளில் அமைதல் நலம். வெளியூரிலிருந்து யந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கு அந்த யந்திரப் பிரிவு மட்டும், வேலை முடியும் வரை மட்டும், திறந்திருந்தால் போதும்.

சட்டக் கடமை

‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த ஆணை, சிறு தொழில்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கணினித் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாத்தல் வேண்டும். விலை குறைந்த ரௌட்டர்கள் பல, மின்சாரம் நின்றவுடன் பதிவுகளை இழந்துவிடுமாதலால், அவற்றை வேறொரு கணினியில் சேமிப்பது அவசியம்.

கேட்க வேண்டிய வினாக்கள்

1. தொலைவிலிருந்து யார், எதனைப் பார்க்க வேண்டும்?
2. ரௌட்டரில் எவ்வாயில்கள் திறந்துள்ளன? ஏன்?
3. இரண்டாம் சான்று உண்டா?
4. ஒரு கணினி கெட்டால் மற்றவை தப்புமா?
5. கணக்குகளின் நகல் ஒன்று, வலையுடன் இணைக்கப்படாத வட்டில் உள்ளதா? அதிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது?

புதிய சாதனங்களை விலைக்கு வாங்குமுன் இவ்வைந்திற்கும் விடை காணுமாறு உரிமையாளரைத் தூண்டுதல் களப்பணியாளரின் முதற்பணியாகும். பல கூடங்களில், தேவையற்ற வாயிலை மூடுவதே செலவின்றிக் கிடைக்கும் முதற் பாதுகாப்பாக அமையும்.