மிரண்ட ஆடு... கருத்த கறி!
"செத்த ஆடா அண்ணாச்சி?" என்று சண்டை போடும் முன்...

கடையம்,-

ஞாயிற்றுக்கிழமை மதியம். காலையில் வாங்கிப் போன கறியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்குத் திரும்பி வருகிறார்.

"என்ன அண்ணாச்சி, கறி இப்படிக் கருத்துக் கெடக்கு? செத்த ஆடா?"

"ஒங்க கண்ணு முன்னாலதான சார் அறுத்தேன்!"

கடைக்காரர் சத்தியம் பண்ணுவார். வந்தவர் நம்ப மாட்டார். ஒரு வாடிக்கை போச்சு!

கடையம், தென்காசி பக்கம் எந்தக் கறிக்கடையிலும் நடக்கக் கூடிய சண்டைதான் இது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. குற்றவாளி வேறு. அதன் பெயர், பயம்!

சர்க்கரை காலி

ஆட்டின் தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேர்ந்திருக்கும். அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறும். கறியின் பி.எச். அளவு 7-ல் இருந்து சுமார் 5.5-க்கு இறங்கும். அப்படி இறங்கினால்தான் கறி சிவப்பாக இருக்கும். கிருமியும் சீக்கிரம் பெருகாது.

ஆடு மிரண்டு முட்டி மோதினாலும், பட்டினி கிடந்தாலும் இந்தச் சர்க்கரை முன்கூட்டியே கரைந்து விடுகிறது. பி.எச். 6-ஐ ஒட்டியே நின்று விடும். கறி கருத்து, இறுகி, தொட்டால் ஒட்டும். சீக்கிரம் கெட்டும் போகும்.

அறுத்த சூட்டோடு விற்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது. நேரம் போகப் போகத்தான் தெரியும். கிழட்டு ஆட்டின் கறியும் கருப்பாகத்தான் இருக்கும். ஆனால் இளம் ஆட்டின் கறி கருத்திருந்தால் பயத்தைச் சந்தேகப்படலாம்.

பிறவிக் குணம்

கடையம் சுற்று வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடும்போது கவனித்துப் பாருங்கள். ஆள் பக்கத்தில் போனாலும் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் ஆடு ஒன்று. இலை அசைந்தாலே வலையில் பாயும் ஆடு இன்னொன்று.

இந்தக் குணம் ரத்தத்திலேயே வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 1990 முதல் மெரினோ செம்மறிகளைச் சாது மந்தை, மிரளும் மந்தை என்று தனித்தனியாகப் பெருக்கினார்கள். பால் மறந்த குட்டியை ஒரு பெட்டிக்குள் ஒரு நிமிடம் தனியாக அடைப்பார்கள். எவ்வளவு துள்ளுகிறது என்று கருவி அளந்து சொல்லும்.

முடிவு? சாதுவான தாய் ஆடு ஆளைக் கண்டாலும் குட்டியை விட்டு ஓடவில்லை. அதன் குட்டிகள் சாவதும் குறைந்தது. குணம் தாய் தகப்பனிடம் இருந்து குட்டிக்கு வருவதும் உறுதியானது.

ஓயாமல் மிரளும் ஆட்டுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். நெடும்பயணம் முடிந்து வந்த ஆடுகளுக்கு இருமலும் சளிக் காய்ச்சலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி நாள்

ஆனால் எவ்வளவு சாதுவான ஆடாக இருந்தாலும் கடைசி நாளில் படுத்தி எடுத்தால் கறி கெடும்.

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் பிடித்த ஆட்டைக் குட்டியானையில் நெருக்கி ஏற்றி, காதைப் பிடித்து இழுத்து இறக்கி, விடியுமுன் கத்தி வைத்தால் சர்க்கரை எங்கே மிஞ்சும்?

சட்டம் சும்மா இல்லை. 1978-ம் ஆண்டு விதிப்படி, வண்டியில் 30 கிலோவுக்கு மேற்பட்ட ஆடு ஒன்றுக்குக் கால் சதுர மீட்டருக்கு மேல் இடம் விட வேண்டும். தீவனம், தண்ணீர் வேண்டும். டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். 2001-ம் ஆண்டு விதிப்படி, அறுவைக்கூடத்தில் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகே அறுக்க வேண்டும். ஒரு ஆட்டின் கண் எதிரில் இன்னொன்றை அறுக்கக் கூடாது.

இரக்கத்துக்காகப் போட்ட விதிகள் இவை. கல்லாப்பெட்டிக்கும் இவைதான் காவல்!

என்ன செய்யலாம்?

கிடை வைத்திருப்பவர்கள் பொலிகிடா தேர்ந்தெடுக்கும்போது உடம்போடு குணத்தையும் பாருங்கள். வியாபாரிகள் தடியும் நாயும் இல்லாமல் நிதானமாக ஏற்றி இறக்குங்கள். கடைக்காரர்கள் முதல் நாளே ஆட்டைக் கொண்டு வந்து, கூட்டாளி ஆட்டோடு நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள். செம்மறி தனியாக நின்றாலே பதறும்!

கறி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. "என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்பதோடு, "ஆடு எப்ப வந்துச்சு?" என்றும் கேளுங்கள்.

"நேத்தே வந்துட்டு" என்றால், தைரியமாக ஒரு கிலோ போடச் சொல்லலாம்!