தேசபந்து மைதானமும் டில்லி வாசலும்

விருதுநகரில் தேசபந்து மைதானம் என்று ஒரு திடல் இருக்கிறது. ‘தேசபந்து’ என்பது வங்காளத்துச் சித்தரஞ்சன் தாஸுக்கு ஜனங்கள் சூட்டிய பட்டம். வியாபாரமே மூச்சாக உள்ள ஒரு தென்பாண்டிப் பட்டணம் தன் மைதானத்துக்கு ஒரு வங்காளத் தலைவரின் பெயரை வைத்துக்கொண்டது என்றால், அந்நாளில் தேசியம் இங்கே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மைதானத்தில்தான் 1956-ம் வருஷம் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். அவர் தேசத்தைத் துண்டாட வந்தவர் அல்ல; காந்தி பக்தர். சென்னை ராஜ்யத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயரிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. எழுபத்தாறு நாள் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-ந் தேதி உயிர் நீத்தார். அச்சமயம் முதன் மந்திரியாக இருந்தவர் வேறு யாருமல்ல. இதே ஊரில் பிறந்த காமராஜ்தான். ஊரும் ஒன்று, காந்தி பக்தியும் ஒன்று; இருந்தும் பெயர் கிடைக்கவில்லை. கடைசியில் சட்டசபையில் அந்தத் தீர்மானத்தை 1967 ஜூலை 18-ல் நிறைவேற்றி வைத்தது அண்ணாதுரையின் தி.மு.க. சர்க்கார். 1969 ஜனவரி 14-ல் அது அமலுக்கு வந்தது.

தேசியக் கட்சி காதில் வாங்கிக்கொள்ளாத கோரிக்கை வீணாய்ப் போவதில்லை. இன்னொரு கட்சிக்கு அது மூலதனமாகி விடுகிறது. இதற்கு விருதுநகரை விடக் கண்கூடான சாட்சி கிடைப்பது அரிது. 1967 தேர்தலில் காமராஜையே இந்த ஊர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வோட்டில் தோற்கவைத்தது.

பிரதேசக் கட்சி தேசியக் கட்சியை வீழ்த்திய கதை என்று இதைச் சொல்வது வழக்கம். பாதிதான் சரி. அவ்வருஷம் ராஜ்யம் முழுவதிலும் காங்கிரஸ் வாங்கியது நூற்றுக்குச் சுமார் 41 வோட்டு, தி.மு.க. வாங்கியது அதற்குச் சற்றுக் குறைவு! ஆனால் தி.மு.க.வின் பக்கத்தில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் நின்றார்கள். இரண்டும் அகில இந்தியக் கட்சிகளே. ஆக, ஒரு தேசியக் கட்சியைத் தோற்கடிக்க வேறு தேசியக் கட்சிகளின் தோள் வேண்டியிருந்தது.

அடுத்த தேர்தலில் நடந்ததுதான் விசித்திரம். 1969-ல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. 1971-ல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் தி.மு.க.வுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, சட்டசபைக்கு ஓர் அபேட்சகரைக்கூட நிறுத்தவில்லை. பார்லிமெண்டு ஸ்தானங்கள் சில கிடைத்தால் போதும் என்று திருப்தியடைந்தது. சொந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதில் ஓர் அறையில் குடிக்கூலிக்கு இருப்பதைப் போன்ற ஏற்பாடு! 1984-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் இதுவே ஒரு சூத்திரமாயிற்று: சட்டசபையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அண்ணா தி.மு.க.வுக்கு, பார்லிமெண்டில் அதே பங்கு காங்கிரஸுக்கு.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கத்து லாபம் மட்டும் அல்ல. சிவகாசித் தொகுதி 1998-ல் ம.தி.மு.க.வின் வைகோவைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது, அண்ணா தி.மு.க. அப்போது அவருடைய தோழமைக் கட்சி. 1999 ஏப்ரலில் அண்ணா தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, ஒரே வோட்டில் வாஜ்பாய் மந்திரிசபை கவிழ்ந்தது. அவ்வருஷமே நடந்த தேர்தலில் தி.மு.க.வின் தோழராக நின்று, வைகோ மறுபடியும் ஜெயித்தார். சென்னைத் துணைதான் மாறியது. டில்லித் துணை மாறவில்லை.

சரி, இதில் பட்டாசுக் கட்டும் பெண்ணுக்கு என்ன? நிரம்பவே இருக்கிறது. வெடிமருந்து அரசியல் சட்டப்படி மத்திய சர்க்காரின் விஷயம். ஆகையால் ஆலையின் அளவைப் பொறுத்து லைசென்ஸுக்காக விருதுநகர் மாவட்ட அதிகாரியையோ, சென்னையிலுள்ள மத்திய சர்க்கார் ஆபீஸையோ, நாகபுரியையோ நாட வேண்டும். ஆலைகளுக்குள் வேலை நிலைமையைப் பார்ப்பதோ ராஜ்ய சர்க்காரின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் வெடியில் போயின. அப்போது டில்லியில் காங்கிரஸ் கூட்டணி, சென்னையில் அண்ணா தி.மு.க.; ஒன்றுக்கொன்று விரோதம். ஒருவர் லைசென்ஸ் தருவது, இன்னொருவர் சோதிப்பது என்று இருக்கும்போது, பொறுப்பு நடுவில் விழுந்துவிடுவதற்கு இடம் ஏராளம்.

2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது, சிவகாசி ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. வழக்கு டில்லியில், அடுப்பு அணைந்தது சிவகாசியில். வரி விஷயத்தில் மட்டும் சற்று நியாயம் உண்டு. சரக்கு சேவை வரி மன்றத்தில் ராஜ்யங்களுக்கும் வோட்டு இருக்கிறது. கையால் செய்த தீப்பெட்டிக்கு ஒரு வரி, இயந்திரத்தில் செய்ததற்கு வேறு வரி என்றிருந்ததை 2020-ல் அந்த மன்றந்தான் ஒன்றாக்கியது. கைத்தீப்பெட்டிக்கு அதனால் பளு கூடியது என்பது வேறு சங்கதி.

கூட்டணிப் பேச்சில் ஸ்தான எண்ணிக்கைக்கு ஆகும் இரவுகளில் ஓர் இரவையாவது இத்தகைய விஷயங்களுக்கு ஒதுக்கி, எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் என்ன என்று நமக்குத் தோன்றுகிறது. பிரதேசக் கட்சிகள் கேட்கலாம். டில்லிக் கட்சிகளுக்கு மறுக்க முகம் இராது. ஆனால் கணக்கு வேறு திசையில் இழுக்கிறது. 2023-ல் அண்ணா தி.மு.க.வும் பாரதிய ஜனதாவும் பிரிந்தன. 2024-ல் விருதுநகரில், தி.மு.க. துணையுடன் நின்ற காங்கிரஸ் அபேட்சகர், அண்ணா தி.மு.க. துணையுடன் நின்ற தே.மு.தி.க. அபேட்சகரை வென்றது 4,379 வோட்டில். மூன்றாவதாக வந்த பாரதிய ஜனதா அபேட்சகருக்கு விழுந்ததோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். 2025 ஏப்ரலில் பிரிந்த இருவரும் மறுபடி கைகோத்துக்கொண்டார்கள்.