நீராவி இல்லாத நுரை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863இல் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள புடவைக் கடைகளில் பேரம் பேசிக் களைத்தவர்கள் ஒதுங்கும் இடம், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை. கப்புச்சினோவின் நுரை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளவும் அங்கே ஒரு தே தாரேக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) சொன்னால் போதும்.

கப்புச்சினோவுக்கு எஸ்பிரெசோ இயந்திரத்தின் ஆவிக்குழாயைக் குளிர்ந்த பாலின் மேல்மட்டத்தைத் தொடும்படி பிடிப்பார்கள். சீறி வரும் நீராவி பாலைச் சூடாக்குவதோடு வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். பாலிலுள்ள புரதங்கள் அந்தக் காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து படலமாகப் படியும். உடையாமல் காப்பது அந்தப் படலம்தான். 60, 65 டிகிரி செல்சியஸில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் வெந்த பால் வாடை.

மாமாக் கடையில் ஆவியின் வேலையை உயரம் செய்கிறது. கறுத்துப்போன துணிப்பையில் தேயிலைத் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றிக் கடுஞ்சாயம் இறக்குகிறார்கள். குவளையின் அடியில் கெட்டிப்பால். எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரையுள்ள அது கனமாக அடியில் கிடக்கும். கரண்டியால் கலக்கினாலும் சட்டென்று கரையாது. (இன்று பல டின்களில் இருப்பது செம்பனை எண்ணெய் சேர்த்த கிரீமர், அசல் பால் அல்ல.) தண்ணி கலக்குபவர் ஒரு கையை மேலே தூக்கி, மறு கையைத் தாழ்த்தி, குவளைக்குக் குவளை ஆற்றுகிறார். விழும் தாரை கீழிருக்கும் தேநீரைக் குத்தும்போது காற்றையும் கூடவே அமிழ்த்துகிறது. புரதம் குமிழியைக் கட்டுகிறது. கரைந்த சர்க்கரை திரவத்தைச் சற்றே கெட்டியாக்குவதால் குமிழிகளுக்கு இடையிலிருந்து நீர் வடியத் தாமதமாகிறது. தாரை காற்றில் நீள்வதால் சூடும் வாய் தாங்கும் அளவுக்கு இறங்குகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. கப்புச்சினோவில் பாலை மட்டும் நுரைத்துக் காப்பியின்மேல் ஊற்றுகிறார்கள். இங்கே தேநீரும் பாலும் சேர்ந்தே நுரைக்கின்றன. ஆவிக்குழாய் தரும் பட்டுநுரையின் நுண்மை கையால் ஆற்றும் நுரையில் வராது. குமிழிகள் பெரியவை, சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமல், இரண்டு குவளைகளையும் தோள்பட்டையையும் வைத்துக்கொண்டு இவ்வளவு சாதிப்பது என் கணக்கில் பெரிய வித்தைதான்.

இனிப்பு தூக்கலாக இருக்கும். வேண்டாதவர்கள் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் முயல்வோர் பச்சைத் தண்ணீரில் கை பழகிய பிறகே கொதிக்கும் தேநீரைத் தொடுங்கள். தொடக்கத்தில் ஒரு சாண் உயரம் போதும்.