நாற்று அறையில் விளக்கின் உயரம்

அண்மையில் கணக்குத் தணிக்கைக்காக ஒரு சங்கத்திற்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டு அறையில் வளர்க்கும் தக்காளி நாற்றுக்களைக் காண நம்மை அழைத்துச் சென்றார். குழித்தட்டுக்கள் வரிசையாக இருந்தன; எல்.இ.டி. குழல் விளக்குகள் கூரையை ஒட்டி எரிந்தன. நாற்றுக்களோ நூல்போல் மெலிந்து, வெளிறிச் சாய்ந்து கிடந்தன. விதை சரியில்லை என்றார் அவர். விதையின்மீது குற்றமில்லை, ஆறடி உயரத்தில் இருந்த விளக்கே காரணம். சங்கக் கடனில் வாங்கிய விளக்குகளாதலின், இதனை இங்கே விளக்குவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

ஒளி செல்லச் செல்ல விரிந்து மெலிவது. தனிக் குமிழ் விளக்கொன்றை ஓரடியிலிருந்து இரண்டடிக்கு உயர்த்தினால், நேர் கீழுள்ள செடிக்குக் கிட்டும் ஒளி பாதியாகாது, காற்பங்காகிவிடும். நீண்ட குழல்களை நெருக்கி வரிசையாகக் கட்டினால் குறைவு இத்துணைக் கடுமையாக இராது. மங்கிய அறைக்கும் நம் கண் பழகிவிடுவதால் நாம் ஏமாறுகிறோம். செடியோ ஒளி போதாதபோது தண்டை நீட்டி அதனைத் தேடுகிறது. தறிக்கு மேல் விளக்கைத் தாழக் கட்டும் நெசவாளருக்கு இது வியப்பாக இராது.

சாதாரண வெள்ளைக் குழல் விளக்காயின் நாற்றின் நுனிக்கு மேல் அரை அடி முதல் முக்கால் அடி வரை இருத்தல் நலம். ஆற்றல் மிக்க பலகை விளக்காயின் ஒன்றரை அடிக்குக் குறையாமல் தொடங்கிச் சிறிது சிறிதாக இறக்கலாம். தட்டிலிருந்து அளத்தல் தவறு. நாற்றின் நுனியிலிருந்தே அளக்க வேண்டும். ஆகவே நாற்று வளர வளர விளக்கும் உயர வேண்டும். ஆணியடித்துப் பொருத்தாமல் சங்கிலியில் தொங்கவிடுக.

கணுக்களுக்கிடையே தண்டு நீண்டால் விளக்கு தொலைவு. நுனியிலை வெளுத்துச் சுருண்டால் அண்மை. கையை வைத்துச் சூடு பார்க்கும் பழைய வழக்கம் எல்.இ.டி. விளக்குக்குப் பொருந்தாது, சூடின்றியே ஒளி மிகக்கூடும். ஓரத்துத் தட்டுக்களுக்கு ஒளி குறைவாதலின், அவற்றை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நடுவிற்கு மாற்றுக. சுவருக்கு வெள்ளையடித்தால் அதுவும் ஒளியைத் திருப்பித் தரும்.

நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் போதும். இரவெல்லாம் எரித்தால் விரைந்து வளரும் என்று எண்ணுவது பிழை. இடைவிடாத ஒளியில் தக்காளி இலை மஞ்சளித்துவிடும். மின் கட்டணமும் வீண்.

சாய்ந்த நாற்றுக்களை என் செய்வது என்று அங்கத்தினர் கேட்டார். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்தில் வேர்விடும் இயல்புடையது. எனவே அவற்றைப் பெரிய பைகளில் ஆழ நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்து, நாளுக்கு நாள் வெயில் காட்டினால் சிலவேனும் பிழைக்கும். மிளகாய் நாற்றாயின் இவ்வழி அவ்வளவாகப் பயன்படாது. புதிதாக விதைத்தலே மேல்.